உள்ளே இருந்தவை

நோட்டீஸும் பூட்டுமாக அந்த மாநகராட்சி எழுத்தர் இரண்டாம் மாடி ஏறினார்.

தீத்தடுப்புச் சான்று இல்லை. நோட்டீஸில் அப்படித்தான் போட்டிருந்தது. கீழ்த்தளத்து டியூஷன் சென்டருக்கும் அது இல்லை. எதிரே இருக்கும் கல்யாண மண்டபத்துக்கும் இல்லை.

அங்கெல்லாம் மாநகராட்சி அவரை அனுப்பவில்லை.

இது ஓவியக் கூடம். வாரம் ஒரு வாசிப்பு, மாதம் ஒரு நாடகம். இப்போது வெள்ளத்தைப் பற்றிக் கண்காட்சி.

கூடத்தை நடத்தும் நித்திலா நோட்டீஸை இரண்டு முறை படித்தாள். சண்டை போடவில்லை.

"பத்து நிமிஷம் குடுங்க சார். உள்ள ஒருத்தங்க இருக்காங்க."

ஜன்னல்களைச் சாத்த உள்ளே போனார்.

நீளச் சுவர். ஏரிச் சேற்றைக் குழைத்து எழுதிய பெயர்கள். பக்கத்தில் வயது. வேறொன்றும் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஏரியைத் திறந்துவிட்ட அன்று போனவர்கள்.

எண்ணினார். பதினாலு.

அரசுப் பட்டியலில் பதினொன்று. அதைத் தட்டச்சு செய்தவரே அவர்தான். மீதி மூன்று பேரும் கரையோரக் குடிசைக்காரர்கள்.

"பட்டா இல்ல, ரேஷன் கார்டு இல்ல. அட்ரஸே இல்லாத ஆளு எப்படிய்யா சாவான்?" என்று அன்று சொன்னார் அதிகாரி.

மூன்று வரிகள். அழிக்க, ஒரு பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்தால் போதுமாயிருந்தது.

சுவரை ஒட்டித் தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மேல்சட்டையில் ஏதோ ஷாப்பிங் மாலின் பெயர், துப்புரவு வேலைக்காரி. அவரையும் தன்னைப் போல வந்தவர் என்று நினைத்துக்கொண்டாள்.

"உங்க ஆளு யாருண்ணே இதுல?"

அவர் ஜன்னல் கொக்கியை மாட்டினார்.

"எம்பொண்ணு அந்தக் கடைசியில. எனக்குப் படிக்கத் தெரியாது. லீவு நாள்ல வந்து யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேப்பேன். வேற எங்கயும் அவ பேரு இல்லண்ணே. ஆபீஸ்ல கேட்டா அப்படி ஒரு புள்ளையே இல்லங்கறாங்க. ஒருவாட்டி படிங்களேன்."

படித்தார்.

"சுபிக்ஷா. ஏழு வயசு."

"இன்னொருவாட்டி."

படித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

பிறகு எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நல்லா படிக்கிறீங்கண்ணே. அடுத்த வாரமும் வருவீங்களா?"

தலையை ஆட்டிவைத்தார்.

அவள் படியிறங்கிப் போகும்வரை நித்திலா வாசலில் நின்றாள். சாவியை அவர் கையில் வைத்துவிட்டு அவளும் இறங்கினாள்.

விளக்குகளை அணைத்தார். கதவைப் பூட்டினார். பூட்டில் துணியைச் சுற்றி, அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரையை அழுத்தினார். முப்பது வருடப் பழக்கம்.

படியில் உட்கார்ந்து படிவத்தை விரித்தார். மூடப்பட்ட இடத்தில் இருந்த பொருட்களை எழுத வேண்டும்.

நாற்காலி – இருபத்திரண்டு.

மின்விசிறி – நான்கு.

ஒலிபெருக்கி – இரண்டு.

பேனா நின்றது.

இந்தப் படிவத்தை யாரும் படிக்கப்போவதில்லை. படிக்காததை யாரும் அழிக்கப்போவதும் இல்லை. கோப்பில் கிடக்கும்.

எழுதினார்.

சுபிக்ஷா – ஒன்று.

மற்ற இரண்டு பெயர்கள்?

யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். தன் கையால் அழித்த பெயர்கள். சற்றுமுன் கண்ணால் பார்த்த பெயர்கள்.

வரவில்லை.

கதவைத் திரும்பிப் பார்த்தார்.

அரக்கு இன்னும் இறுகவில்லை.