பிடிக்க யாருக்கு அதிகாரம்?

கேரளப் போலீஸ்காரர் விசிலடித்துக்கொண்டே ஜீப்பைத் துரத்தி ஓடிவந்தார். போடிமெட்டு எல்லையைத் தாண்டிய பிறகுதான் வண்டியை நிறுத்தினான் எஸ்டேட் டிரைவர் மொக்கையன்.

"இது தமிழ்நாடு சார். இங்க என்னப் பிடிக்க ஒங்களுக்கு அதிகாரமில்ல."

"அதல்லடா..."

"தலையில தொப்பியும் இல்ல. தொப்பி இல்லாத போலீஸு வண்டியவே நிறுத்தக்கூடாது. எனக்குச் சட்டம் தெரியும் சார்."

ஓடியதில் தொப்பியைத் தவறவிட்ட போலீஸ்காரர் குழம்பிப்போய்த் தலையைத் தடவினார்.

"சட்டம் இருக்கட்டும். வண்டியில பின்னால ஆளுண்டோ, நோக்கு."

மொக்கையன் திரும்பிப் பார்த்தான். ஏலக்காய் மூட்டைகள் மட்டுமே இருந்தன. செக்போஸ்ட்டில் தண்ணீர் குடிக்க இறங்கிய மனைவி ராமுத்தாய் திரும்ப ஏறவே இல்லை.

மூச்சிரைக்க அவள் வந்து சேர்ந்தாள். அவன் சட்டம் பேசியது தூரத்திலேயே அவள் காதில் விழுந்திருந்தது.

"அவருக்கு அதிகாரமில்ல, சரி. எனக்கு இருக்குல்ல? எறங்குய்யா கீழ!"