விழாத வீட்டுப் பலகை

பக்கத்தில் வாருங்கள் கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன். ஓர் அடுக்ககத்தில், தங்கள் வீட்டு முதியவர்கள் கீழே விழாமல் எத்தனை நாள் ஆயிற்று என்ற எண்ணிக்கையைக் கதவுப் பலகையில் காட்டிப் பீற்றிக்கொள்வார்கள். இளம்பரிதி வீட்டுப் பலகை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அவன் அம்மா கோமளவல்லி வெயில் காயலாமென்று எழுந்தாலே, அவன் அவளை நாற்காலியோடு கட்டியிருந்த இடுப்புப் பட்டை இழுத்து உட்காரவைத்துவிடும். நடக்காமலே எலும்பு உளுத்து, ஒருநாள் தும்மியதில் விலா முறிந்தது. செவிலி தெபோராள் வந்தாள்.

"அம்மா ஒரு தடவைகூட விழல சிஸ்டர்," என்றான் பெருமையாக.

"மூட்டைகூடத்தான் விழாது சார். நடந்தாத்தானே எலும்புக்கு பலம்?"

"விழுந்தா பலகை பூஜ்யமாயிடுமே."

தெபோராள் பட்டையைக் கழற்றினாள். கோமளவல்லி அதை வாங்கி மகன் கையில் திணித்தாள்.

"உனக்குத்தானேடா பயம், நீயே கட்டிக்கோ."

தெபோராளின் தோளைப் பிடித்து நடந்துபோய் பால்கனி வெயிலில் நின்றாள்.

உங்கள் வீட்டில் பெரியவர்களின் காலடிச் சத்தம் நெடுநாள் கேட்கட்டும், கண்ணுகளா.