ஏழாவது இளவெயினி

ஏழாவது இளவெயினிக்கு எந்தப் போட்டியில் பரிசு கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

முதல் இளவெயினி வீணை வாசித்தாள். அடுத்தவள் சதுரங்கம். இன்னொருத்தி மொட்டைமாடியில் தக்காளி வளர்த்துப் பேட்டி கொடுத்தாள். ஒருத்தி பரீட்சை பயம் போக வழி சொன்னாள். எல்லோரையும் இவள்தான் கம்ப்யூட்டரில் பெற்றுப் போட்டாள், காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, ஏசி ஓடாத அறையில்.

நிஜ இளவெயினி ஒருத்திதான். எட்டாம் வகுப்பு. போன வருடம் பள்ளிக்கூட நீச்சல்குளத்தில் செத்துப்போனாள்.

ஊரில் இன்னொருத்திக்கு இல்லாத பெயராகத் தேடி வைத்திருந்தார்கள் பெற்றவர்கள். அதுதான் தொல்லை. இணையத்தில் பெயரைத் தட்டினால் அந்தச் செய்தி ஒன்றுதான் வந்து நின்றது. பள்ளியின் பெயரோடு. இரட்டைச் சடையும் அடையாள அட்டையுமாக அவள் சிரிக்கும் படத்தோடு.

அட்மிஷன் தொடங்குவதற்குள் செய்தி தேடலின் முதல் பக்கத்தை விட்டுப் போயாக வேண்டும் என்று பள்ளி நிர்வாகம் இவள் வேலை பார்க்கும் கம்பெனியிடம் வேலையை ஒப்படைத்திருந்தது. செய்தியை அழிக்க முடியாது. அதற்கு மேலே ஆட்களை ஏற்றி உட்கார வைக்கலாம். அதே பெயரில் ஒரு கட்டுரை எழுதி, வார்த்தைகளை மாற்றி மாற்றி, கிடைத்த தளத்திலெல்லாம் தூவிவிடுவது. இவள் கெட்டிக்காரி. மளமளவென்று எழுதுவாள். இதை முடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

செய்தி அசைந்து கொடுக்கவில்லை.

"யாரோ தினம் அதைத் திறந்து பாக்கறாங்க," என்றார் மேனேஜர் கிரிதரன். "ஆள் போயிட்டு வந்துட்டு இருந்தா எப்படிங்க கீழ எறங்கும்? பேரோட நீச்சல்னு சேர்த்துத்தான் தேடறாங்க. நீங்க வீணை, தக்காளின்னு எழுதிட்டு இருக்கீங்க."

புரிந்தது.

பிறகு எழுதினாள்.

நீச்சலில் தங்கம் வென்ற இளவெயினி.

விலைக்கு வாங்கிய படம் ஒன்றைப் போட்டாள். ஈரத் தலை, கழுத்தில் பதக்கம், வாய் நிறையச் சிரிப்பு. தண்ணீர் என்றால் எனக்கு உயிர் என்று அந்தப் பெண்ணைச் சொல்ல வைத்தாள். எழுதி முடித்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

எழுத்துப் பிழை பார்த்து, ஏற்றிவிட்டாள்.

மறுநாள் கட்டுரைக்குக் கீழே ஒரு கமெண்ட் வந்திருந்தது.

"நல்லா நீந்துவியா சாமி? எம்பொண்ணு பேரும் இதேதான். அவளுக்கு நீச்சல் தெரியாது. போன வருசம் பள்ளிக்கூடத்துத் தண்ணியில போயிட்டா. நீ நல்லா இருக்கோணும்."

தினம் அந்தச் செய்தியைத் திறந்து பார்ப்பது யார் என்று தெரிந்துபோனது.

கமெண்டை அழிக்கப் போனாள். கிரிதரன் பின்னால் வந்து நின்றிருந்தார். நிதானமாக முழுவதும் படித்தார்.

"அழிக்காதீங்க. பதில் போடுங்க."

"சார், இது அந்தப் பொண்ணோட அம்மா."

"தெரியுதுங்க. இங்க வந்துட்டா அங்க போக மாட்டாங்கல்ல?"

நன்றி ஆன்ட்டி என்று தட்டினாள்.

"அம்மான்னு போடுங்க."

போட்டாள்.

உடனே பதில் வந்தது. அந்த அம்மா அங்கேயே காத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"சாப்டியா சாமி?"

"சாப்பிட்டேன்மா."

அதற்குப் பிறகு தினமும் வந்தார். தலை துவட்டாமல் படுக்காதே, சளி பிடிக்கும் என்றார். வெள்ளிக்கிழமை கோயிலில் உன் பேருக்கும் சேர்த்து அர்ச்சனை செய்தேன் என்றார். இவளும் விடாமல் பதில் போட்டாள். முதலில் கை கூசியது. போகப் போக யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சின்னப் பெண்ணின் சிணுங்கலும் செல்லமும் தானாக வந்து விழுந்தன. இவ்வளவு நன்றாக எழுத வருகிறதே என்று உள்ளூர ஒரு கர்வம்கூட. வெட்கங்கெட்ட கர்வம்தான். இருந்தது.

செய்தியைத் திறக்க இப்போது ஆளில்லை. இரட்டைச் சடை இரண்டாம் பக்கத்துக்குப் போனது. அப்புறம், தேடிப் போகிறவனும் சலித்துத் திரும்பும் தூரத்துக்கு.

அட்மிஷன் நல்லபடியாக நடந்தது. பள்ளியிலிருந்து ஸ்வீட் பாக்ஸ் அனுப்பினார்கள். வேலை நிரந்தரமானது.

அடுத்து ஒரு டைல்ஸ் கம்பெனியின் வேலை வந்தது. "இனி அந்தப் பேருக்கு நேரம் செலவு பண்ண வேண்டாங்க," என்றார் கிரிதரன். எல்லாக் கட்டுரையிலும் கமெண்ட் பகுதியை மூடிவிடச் சொன்னார்.

வீணையை மூடினாள். சதுரங்கத்தை மூடினாள். தக்காளியை மூடினாள். நீச்சலை மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள். சில நாள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கிரிதரன் ஞாபகப்படுத்தியபோது திறந்தாள். வரிசையாக நின்றன.

"ஏஞ்சாமி, வேலையா இருக்கயா?"

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அம்மா மேல ஏதாச்சும் கோவமா?"

கடைசியாக, அன்று காலையில் போட்டது.

"எங்க போயிட்ட சாமி? தண்ணிக்குப் போகலையே?"

மூடினாள்.