எதிர்க்கடைத் தலைவலி

"பாத்தியா, பாத்தியா! உள்ள போறார் பார்!"

கத்தரியை டப்பென்று மேஜையில் வைத்தார் சலூன் மாஸ்டர். சாப்பாடு கொண்டுவந்த மனைவி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். பத்து நிமிஷம் முன்னால் இங்கே முடி வெட்டிக்கொண்டு போன கணக்கு வாத்தியார், எதிரே 'சுருட்டை' என்று ஊரே கூப்பிடும் இளைஞனின் சலூனுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.

"இந்த வாரத்துல இவர் நாலாவது ஆள். இங்க வெட்டிக்கிட்டு நேரா அங்க போறாங்க. அந்தச் சுருட்டைப் பய என்னமோ சொல்லி இழுக்கிறான்."

"வெட்டின தலையை இழுத்து அவன் என்ன பண்ணப் போறான்?"

"அடுத்த மாசத்துக்கு இப்பவே ஆள் பிடிக்கிறான்! கடை போட்டு முழுசா மூணு வருஷம் ஆகல, என் முப்பது வருஷக் கடையைக் கவுக்கப் பாக்கிறான்."

சொல்லும்போதே நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆறு மாதமாக இதே பாடுதான். தலை விண்விண்ணென்று தெறிக்கும், கூடவே கண் மங்கும்.

சலூனில் வைத்தியத்துக்கா பஞ்சம்? நாற்காலியில் உட்கார்ந்தவரெல்லாம் டாக்டர்தான். தபால்காரர் "பித்தம்" என்றார். பேக்கரிக்காரர் "சைனஸ்" என்றார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் மட்டும் குரலைத் தாழ்த்தி, "மூளையில கட்டி இருந்தாலும் இப்படித்தான் வருமாம் மாஸ்டர். எதுக்கும் ஒரு பாலிசி போட்டு வச்சா..." என்று இழுத்தார். அன்றைக்கு அவருடைய இடது கிருதா காதுக்கு மேலே ஏறிவிட்டது. பாலிசி பேச்சு எடுத்ததால் வந்த கோபம் என்று ஏஜெண்ட் நினைத்துக்கொண்டார்.

மாஸ்டரின் முடிவு வேறு. "எனக்கு வியாதியே அந்த எதிர்க்கடைதான். அவன் ஷட்டரை இறக்கினா என் தலைவலி இறங்கிடும்."

அந்த ஷட்டர் தானாக இறங்கும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல், "சுருட்டை கத்தியைக் கழுவறதே இல்லையாம்" என்று வருகிறவர் போகிறவர் காதிலெல்லாம் போட்டும் வைத்திருந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் மேலே பார்த்துக் கேட்டார்.

"பல்பைச் சுத்திக் கலர் கலரா வளையம் தெரியுதே. எப்ப வாங்கி மாட்டினே? நல்லாத்தான் இருக்கு."

மனைவி பல்பைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுநாள் காலை முதல் வேலையாகக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கண் டாக்டர் அம்மா சொட்டு மருந்து விட்டார், கருவியில் தாடையை வைக்கச் சொன்னார், உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"கட்டி கிட்டி ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. கண்ணுக்குள்ள பிரஷர். அது ஏறும்போதெல்லாம் தலைவலி, மங்கல், விளக்கைச் சுத்தி வளையம் எல்லாம் வரும்."

"ஏறாம என்ன செய்யும் டாக்டர்? எதிர்க்கடையில ஒருத்தன் இருக்கான் பாருங்க..."

"அவர் இல்லாட்டியும் ஏறும்" என்றார் டாக்டர். "இப்படியே விட்டிருந்தா ஒரு நாள் பார்வையே போயிருக்கும். ரெண்டு கண்ணுக்கும் லேசர் வைக்கணும். அப்புறம் இன்னொண்ணு. தூரத்துல இருக்கிறது உங்களுக்கு நல்லாத் தெரியுது. கைக்குக் கிட்ட இருக்கிறதுதான் தெரியல. இத்தனை நாளா கண்ணாடி இல்லாமலா கத்தரி பிடிச்சீங்க?"

"கையே பழகிப் போச்சு டாக்டர். இதுவரைக்கும் ஒருத்தர் ஒரு குறை சொன்னதில்ல."

லேசர் வைத்ததும் கண்ணின் மங்கல் போயிற்று, தலைவலியும் போயிற்று. பத்து நாள் கழித்துப் புதுக் கண்ணாடியோடு கடையைத் திறந்தார். முதல் ஆள் கணக்கு வாத்தியார்.

"சார், உங்களுக்கு இவ்வளவு நரையா? சொல்லவே இல்லையே!"

ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. மாஸ்டர் ரசித்து ரசித்து வெட்டினார். வாத்தியார் துணியை உதறிக்கொண்டு எழுந்தார், போய்வருகிறேன் என்று தலையாட்டினார், செருப்பை மாட்டினார். மாட்டியவர் நேராகத் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குள் போனார்.

மாஸ்டருக்கு வந்ததே கோபம்! "இன்னைக்கு அவனை ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்று சீப்பும் கையுமாகப் பின்னாலேயே போனார். சுருட்டையின் கடை வாசலில் திரை தொங்கியது. அதை விலக்கப் போன கை அப்படியே நின்றது.

"சட்டுனு பாத்து விடுப்பா, ஸ்கூலுக்கு நேரமாச்சு. இன்னைக்கு எந்தப் பக்கம் கோணல்?" வாத்தியாரின் குரல்.

திரை இடுக்கு வழியாகப் பார்த்தார் மாஸ்டர். சுருட்டை வாத்தியாரின் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான்.

"ஆறு மாசமா எங்க எல்லார் தலையையும் காசு வாங்காம சரி பண்ணி விடறே. அந்த மனுஷன் என்னடான்னா உன் கத்தியைப் பத்தி ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கார். நான் ஒரு நாள் அவர்கிட்ட உண்மையை உடைக்கத்தான் போறேன்."

"வேணாம் சார். தன் கை கோணுதுன்னு தெரிஞ்சா கத்தரியையே தொட மாட்டார்" என்ற சுருட்டை, எடுத்த கத்தரியைத் திரும்பப் பெட்டியில் போட்டான். அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"எழுந்திரிங்க சார். ரெண்டு கிருதாவும் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. அண்ணனுக்குக் கண்ணு சரியாயிடுச்சு. இனிமே யாரும் இந்தப் பக்கமே வராதீங்க!"