தடுக்கும் நேரம்

"கடைசியாக் கேக்கறேன். ஏர்போர்ட்டுக்கு வண்டியை எடுக்கறியா, இல்லையாடா?"

அறை வாசலில் நின்று கேட்டாள் ஸ்நேகா. தம்பி சாய் திரும்பவே இல்லை. கையில் கேம் கன்ட்ரோலர். டி.வி.யில் கவசம் போட்ட ஒரு ராட்சசன் வாளை ஓங்கிக்கொண்டு வந்தான்.

"டாக்சி கூப்பிட்டுக்கோ அக்கா. எனக்கு இதை முடிக்கணும்."

"நான் அயர்லாந்துக்குப் போறேன். பக்கத்துல இருக்கற ஆற்றுகால் கோயிலுக்கு இல்லை."

சாய் பட்டனை அமுக்கினான். நேரம் தப்பிவிட்டது. வாள் இறங்கியது. அவனுடைய வீரன் சுருண்டு விழுந்தான்.

"அவன் வாள் நம்ம மேல படற நொடியில அமுக்கினா, அப்படியே தட்டி விட்டுடலாம். கேம்ல அதுக்கு 'பேரி'ன்னு இங்கிலீஷ் பேர். அந்த டைமிங்தான் எனக்கு வரமாட்டேங்கறது."

"உருப்பட்டாப்பலதான்!"

ஸ்நேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலேஜில் இதே கேமில் கோப்பை வாங்கினவன். இப்போது டெக்னோபார்க் கம்ப்யூட்டர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஒரே ராட்சசனிடம் நாளெல்லாம் செத்து விழுந்துகொண்டிருக்கிறான்.

அப்பா போன பிறகு, அம்மாவையும் இவனையும் விட்டுப் போக மனசில்லாமல், வந்த வெளிநாட்டு வேலையை ஏற்கெனவே வேண்டாமென்றவள் அவள். இந்தத் தடவை, "நீ போ, நான் பார்த்துக்கறேன்" என்று பிடிவாதம் பிடித்ததே சாய்தான். பார்த்துக்கொள்ளும் லட்சணம் இது!

அம்மா சுப்புலக்ஷ்மி கெஞ்சிப் பார்த்தாள். "எழுந்திருடா. நம்ம கரமனையிலேர்ந்து சங்குமுகம் ஏர்போர்ட் எத்தனை தூரம்? அக்காவைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்து விளையாடேன்."

"நேக்கு முடியாதும்மா."

வெளியே இருட்ட ஆரம்பித்திருந்தது. டாக்சிக்காரர் ஹாரன் அடித்து, நேரமாகிறதென்று மலையாளத்தில் அவசரப்படுத்தினார். "சேச்சி, வைகும் கேட்டோ!"

ஸ்நேகா பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். திரும்பி நின்று கத்தினாள்.

"இன்னியோட சரி. இனிமே அக்கான்னு கூப்பிட்டுண்டு போன் பண்ணாதே!"

அறைக்குள்ளிருந்து பதில் வந்தது. "பாஸ்போர்ட் எடுத்துண்டியா?"

அவள் வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை அம்மா மட்டும் கையாட்டிக்கொண்டு நின்றாள்.

டப்ளினில் வேலை பிடித்துப்போயிற்று. குளிர் பழகிற்று. தம்பி மேல் இருந்த கோபம் மட்டும் ஆறவில்லை. அவன் பிறந்தநாளன்றுகூட அவள் ஒரு வார்த்தை அனுப்பவில்லை.

அம்மாவிடம் பேசும்போதெல்லாம் பின்னால் அந்தச் சத்தம் கேட்கும். இரும்போடு இரும்பு மோதும் சத்தம்.

"இன்னும் வாளைச் சுழட்டிண்டுதான் இருக்கானா?"

"ம்."

"வேலைக்குப் போறானா, இல்லையா?"

"நீயே அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசேன்டி," என்பாள் அம்மா.

"அவன் முதல்ல மன்னிப்புக் கேக்கட்டும்," என்று ஸ்நேகா போனை வைத்துவிடுவாள்.

அடுத்த வருஷம் லீவில் ஊருக்கு வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. காலை நேரம். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள் போலிருக்கிறது. தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தாள்.

ணங்! ணங்! ணங்!

ஒரு அடிகூடத் தப்பவில்லை. வருகிற ஒவ்வொரு வெட்டையும் அவன் தட்டித் தட்டி விடுவது ஹாலிலேயே தெரிந்தது. ஒருவழியாக டைமிங் வந்துவிட்டது ஐயாவுக்கு!

நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடலாமென்று அறைக்குள் போனவள் அப்படியே நின்றாள்.

டி.வி. மேல் கனமான போர்வை ஒன்று போர்த்தியிருந்தது. திரையில் ஒரு துளிகூடத் தெரியவில்லை. சாய் தலையைச் சாய்த்து, காதைத் தீட்டிக்கொண்டு, கன்ட்ரோலரை அமுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னடா இது கூத்து?"

ராட்சசனின் வாள் இறங்கியது. அன்றைக்கு முதல் தடவையாகச் சாய் தவறவிட்டான்.

"அக்கா?" முகத்தை மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பி அவளைத் தேடிப் பிடித்தான். "எப்போ வந்தே?"

"ஏன்டா இப்படிப் பார்க்கறே?"

"நேராப் பார்த்தா உன் மூக்கு தெரியறது. காது தெரியலை." சிரித்தான். "சுத்திவர இருட்டிண்டே வரது அக்கா. விழித்திரைல கோளாறு. மருந்து கிடையாதாம். பாக்கி இருக்கறதும் போறதுக்குள்ள காதைப் பழக்கணும். வாள் காத்தைக் கிழிக்கற சத்தத்துக்கு அமுக்கினா சரியா இருக்கு. போர்வை இல்லேன்னா கண்ணு குறுக்க வந்து கெடுத்துடறது."

ஸ்நேகா பையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போனாள்.

"எப்போலேர்ந்துடா?"

"உனக்கு விசா வந்த வாரம்தான் ஆஸ்பத்திரில சொன்னா. அப்பவே பொழுது சாஞ்சா ரோடு தெரியாது. அம்மாகிட்ட நீ போனப்புறம்தான் சொன்னேன். சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிண்டுட்டேன்."

அவள் அவன் காலடியில் உட்கார்ந்து, அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னவெல்லாம் சொன்னேன். ஒரு வருஷம் முழுக்க எப்படி இருந்தேன்.

"பாவி, அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதாடா?"

சாய் தடவிப் பார்த்து அவள் தலைமேல் கையை வைத்தான்.

"கண்ணு போறதுன்னு சொன்னா நீ இங்கேயே இருந்துடுவே. கோபம் வந்தாத்தான் நீ திரும்பிப் பார்க்காம பிளேன் ஏறுவேன்னு தெரியும் அக்கா."