வளையாத எழுத்து

"அவன் வரைஞ்ச எழுத்து நம்ம கடை வாசல்ல ஏறக்கூடாது. சொல்லிட்டேன்!"

குடைக் கடைக்காரர் மீசையின் நுனியை முறுக்கிவிட்டுக்கொண்டு, மகளின் கணினிக்கு முன்னால் விறைப்பாக உட்கார்ந்தார்.

நான்கு தலைமுறையாகக் குடை விற்கிற குடும்பம். பழைய பெயர்ப்பலகை காற்றில் விழுந்து உடைந்துவிட்டது. புதுப் பலகைக்கு எழுத்து தேர்ந்தெடுக்க வேண்டும். மகளுக்கு அதுதான் தொழில். புத்தக அட்டைகளும் விளம்பரங்களும் வடிவமைக்கிறாள்.

'அவன்' என்பது அவளோடு வேலை பார்ப்பவன். புதிது புதிதாக எழுத்துருக்கள் வரைகிறவன். போன வருஷம் பெண் கேட்டு வந்தவனை வாசற்படியிலேயே நிறுத்தி, "எழுத்துக்கு வால் வரையறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார் இவர்.

"மூணு எழுத்து வெச்சிருக்கேம்பா. அதுல ஒண்ணு அவரோடது. எதுன்னு சொல்ல மாட்டேன்" என்றாள் மகள்.

"நீ ஏன் சொல்லணும்? முகத்தைப் பாத்தே ஆளைச் சொல்றவன் நான். எழுத்தைப் பாத்தா தெரியாதா?"

"அவரோடதையே நீங்க எடுத்துட்டா?"

"எடுத்துட்டா அவனைக் கூப்பிட்டு நடு வீட்ல உக்கார வெச்சுப் பேசறேன். எடுக்கலேன்னா அந்தப் பேச்சே இந்த வீட்ல வரக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

சமையலறையிலிருந்து அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பின்னால் நின்றாள்.

'மழைக்கும் வெயிலுக்கும் எங்கள் குடை' என்ற வரி திரையில் தோன்றியது. முதல் எழுத்துரு. நூல் நூலாக மெல்லிய கோடுகள்.

"நோஞ்சான். காத்தடிச்சா குடையோட சேர்ந்து இதுவும் பறந்துடும். அடுத்தது!"

இரண்டாவதில் எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து குதித்துக்கொண்டிருந்தன. அவர் தொடையைத் தட்டினார்.

"புடிச்சிட்டேன்! இதுதான் அவனுது. ஒண்ணாவது ஒழுங்கா நிக்குதா பாரு. பெரியவங்க முன்னாடி கால் மேல கால் போட்டு ஆட்டற மாதிரி... வளர்த்தவங்களைச் சொல்லணும்!"

"அது நான் வரைஞ்சதுப்பா."

அம்மா களுக்கென்று சிரித்தாள். "சொல்லுங்க, சொல்லுங்க. வளர்த்தவரு இங்கதான் உக்காந்திருக்காரு."

அவர் தொண்டையைச் செருமினார். "குழந்தைங்க புத்தகத்துக்கு நல்லாத்தான் இருக்கும். அடுத்தது."

மூன்றாவது வந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இது எழுத்து! முதுகெலும்பு இருக்கு. யாருக்கும் வளையாம தூண் மாதிரி நிக்குது. ஆனா வெறும் முரட்டுத்தனம் இல்லை, கவனிச்சியா? உள்ளே தாராளமா இடம் விட்டிருக்கு. மழைக்கு நாலு பேர் ஒதுங்கலாம். அந்த 'ழ'வோட வாலைப் பாரேன், என்ன கம்பீரமா முறுக்கிக்கிட்டு நிக்குது! தினமும் பாத்துப் பழகின மாதிரியே இருக்கு."

அம்மா அந்த 'ழ'வைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதை வரைஞ்சவன், நல்ல கௌரவமான மனுஷன் ஒருத்தரைப் பக்கத்துல நின்னு பாத்துத்தான் வரைஞ்சிருக்கான். இதுதான் பலகைக்கு. அந்த நோஞ்சானை உன் சிநேகிதன்கிட்டயே திருப்பிக் குடுத்துடு."

"நோஞ்சான் வேற யாரோ வரைஞ்சதுப்பா" என்றாள் மகள் மெதுவாக.

அவர் திரையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"இந்தக் குடும்பத்துல யாரு பேச்சு மாறியிருக்கா?" குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. "வரட்டும். நடு வீட்லயே உக்காரட்டும். முதல்ல பலகை செய்யறவருக்கு எழுத்தோட பேரைச் சொல்லணும். இதுக்கு என்ன பேரு வெச்சிருக்கான்?"

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் திரையின் ஓரத்தைச் சுட்டிக் காட்டினாள்.

"வாசற்படியில உங்களைப் பாத்துட்டுப் போன அன்னைக்கே வரைய ஆரம்பிச்சுட்டாராம்ப்பா. பேரு... 'மாமனார்'."