முழங்காலளவு அலை

"ஏனுங்க, பாலகுமார்ங்கற பேர்ல வந்த படத்துக்குத்தான் முதல் பரிசுங்க!"

கடற்கரைப் படப் போட்டி நடத்தும் வெங்கடேஷ் சேலத்திலிருந்து போனில் பேசினார். என் தம்பி பாலகுமார் ஆசைப்பட்ட பரிசு. அவனுக்காகத்தான் அனுப்பியிருந்தேன்.

"மழை விட்ட விடியக்காலைல, பாலாட்டம் அலை. அதுல முழங்கால் வரைக்கும் நிக்கறது யாருங்க?"

"பாலகுமாரேதானுங்க. அவன் சொல்லச் சொல்ல நான் பட்டனை அமுக்கினேன்."

"இன்னும் ஒரே அடி உள்ள போயிருந்தா நொம்ப எடுப்பா இருந்திருக்குமுங்க."

"அவனும் அதையேதான் சொன்னானுங்க. அடுத்த படத்துக்கு ஒரு அடி வெச்சான்."

"அட, அதையும் அனுப்புங்க. எந்தக் கடற்கரைங்க?"

ஜன்னலுக்கு வெளியே வெளுப்பாக ஏதோ ஏறிக்கொண்டிருந்தது. எழுந்துபோய்ச் சாத்தினேன்.

"கடல் இல்லைங்க. ஏற்காட்டுல ஒரு பாறை விளிம்பு. அது பனிமூட்டமுங்க. அடுத்த படத்துல மூட்டம் மட்டுந்தான் இருக்குது."